ஒரே அச்சு, மூன்று வழி: ஒரு கார் விளக்கின் கதை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் பெரிய பெயர்ப் பலகைகள்தான் முதலில் கண்ணில் படும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஓரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. பிறகு டெய்ம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் வந்தன. இந்தப் பெரிய ஆலைகளுக்கு நடுவே, சாலையில் போகிறவர் பெயரைக்கூடப் படிக்காமல் கடந்துவிடும் நூற்றுக்கணக்கான தொழிற்கூடங்கள் இருக்கின்றன. ஒன்றில் சீட் தைக்கிறார்கள், இன்னொன்றில் ஒயர் கட்டுகிறார்கள், அடுத்ததில் பம்பர் வார்க்கிறார்கள். ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள். அவற்றில் பெரும்பகுதியைக் கார் கம்பெனி தானே செய்வதில்லை. இந்த வெண்டர்களிடம் வாங்கித்தான் பூட்டுகிறது.

அந்த 30,000இல் ஒன்றை மட்டும் பின்தொடர்வோம்: வலதுபக்க ஹெட்லைட். இது எந்தக் குறிப்பிட்ட கம்பெனியின் விளக்கும் அல்ல. இந்த வட்டாரத்தில் பிறந்து நாடெங்கும் போகும் எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான கதை இதற்கும் உண்டு. அந்தக் கதைக்குள் இந்தியாவின் போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்த மிகப் பெரிய வழக்குகளில் ஒன்றும் இருக்கிறது.

அச்சிலிருந்து அட்டைப்பெட்டி வரை

விளக்கின் பிறப்பு கண்ணாடியில் இல்லை, பிளாஸ்டிக் குருணையில் இருக்கிறது. பார்க்க அரிசி நொய் போலிருக்கும் பாலிகார்பனேட் குருணையை முதலில் ஈரம் போகக் காய வைப்பார்கள். ஈரம் மிச்சமிருந்தால் முகப்பில் வெள்ளிக் கீற்று விழுந்துவிடும். காய்ந்த குருணையை உருக்கி, எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்தினால், சில நிமிடங்களுக்குள் ஒளி ஊடுருவும் முகப்பு வெளியே வருகிறது. அதன் மேல் வெயிலும் மணலும் கீறாமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு. பின்புறக் கூடு வேறொரு பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானை வெற்றிட அறைக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கி அதன் மேல் படிய விடுகிறார்கள். அந்தப் படலத்தில் ஒரு விரல் பட்டால் போதும், அந்தப் பாகம் கழிவுக்குப் போய்விடும். ஆகவே லைனில் நிற்கும் பெண்கள் கையுறையைக் கழற்றுவதே இல்லை.

கூடும் முகப்பும் பசையால் ஒட்டப்பட்டு, நீர் கசிகிறதா என்று சோதிக்கப்பட்டு, இருட்டறையில் ஒளி விழும் கோணம் அளக்கப்பட்ட பிறகு, பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பாக எண், தேதி, ஷிப்ட், அச்சின் எண் எல்லாம் அதில் இருக்கும். விளக்கின் ஜாதகம் அந்த ஸ்டிக்கர்தான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எஃகு அச்சு மிகவும் விலை கூடியது. பல சமயம் அதற்கான பணத்தைக் கார் கம்பெனி கொடுத்திருக்கும். வடிவமைப்பு வரைபடமும் கம்பெனியுடையதாக இருக்கலாம். குருணையை உருக்கி விளக்காக்கும் திறமையோ வெண்டருடையது. அப்படியானால் அந்த விளக்கை யார் யாருக்கு விற்கலாம்? ஒரு பெரும் வழக்கே இந்தக் கேள்வியைச் சுற்றி நடந்தது.

முதல் வழி: லைனுக்கு

அச்சிலிருந்து வரும் விளக்குகளில் பெரும்பாலானவை முதல் வழியில் போகின்றன. கார் ஆலையில் எந்த மாடல் கார் எத்தனை மணிக்கு லைனில் வருகிறதோ, அந்த வரிசைப்படி விளக்குகளும் டிராலியில் அடுக்கப்பட்டு வண்டி ஏறும். இருப்பு வைத்துக்கொள்வது ஆலைக்கு நஷ்டம். தாமதமாக வந்தால் லைன் நின்றுபோகும், அந்தப் பழி வெண்டர் தலையில் விழும். அதனால்தான் வெண்டர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியேறினார்கள். இருங்காட்டுக்கோட்டையும் ஓரகடமும் வல்லம் வடகாலும் ஒரே தொழில் வட்டாரமாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த வழியில் விளக்கின் விலையைப் பைசாக் கணக்கில் பேரம் பேசுவார்கள். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லி வெண்டரை நெருக்குவார்கள். கார் விற்கும் சந்தையில் போட்டி கடுமை. ஒரு கம்பெனி ஆயிரம் ரூபாய் கூட்டினால், வாடிக்கையாளர் எதிர் ஷோரூமுக்குப் போய்விடுவார். அந்த அழுத்தம் அப்படியே கீழே இறங்கி அச்சு வரைக்கும் வருகிறது. போட்டி என்பது வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

இரண்டாம் வழி: பெட்டிக்குள்

அதே அச்சு, அதே குருணை, அதே ஷிப்ட். ஆனால் சில விளக்குகள் டிராலியில் ஏறாமல் அட்டைப்பெட்டிக்குள் போகின்றன. பெட்டியின் மேல் வெண்டரின் பெயர் இருக்காது, கார் கம்பெனியின் சின்னமும் முத்திரையும்தான் இருக்கும். இனி அதற்கு ஜெனியூன் பார்ட் என்று பெயர். கம்பெனியின் பாகக் கிடங்கு, அங்கிருந்து அங்கீகரிக்கப்பட்ட டீலர், அங்கிருந்து சர்வீஸ் சென்டர் என்று அது பயணப்படும்.

அஞ்சு வருஷம் ஓடிய கார் ஒன்று சிக்னலில் இடித்துக்கொண்டு ஹெட்லைட் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் கம்பெனி சர்வீஸுக்குப் போகிறார். ஒரு விலை சொல்கிறார்கள். அது கூடுதலாகத் தெரிந்தாலும் அவர் எங்கே போவார்? அந்தக் காரின் முகத்துக்கு அந்த ஒரு விளக்குதான் பொருந்தும். வேறு கம்பெனி விளக்கை அதில் பொருத்த முடியாது. விளக்கு விலை கூடுதல் என்பதற்காக யாரும் காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கப் போவதுமில்லை.

கார் வாங்கும்வரை அவர் ராஜா. பத்து ஷோரூம்கள் அவருக்காகக் காத்திருந்தன. வாங்கிய மறுநாளிலிருந்து அவருக்கு ஒரே கடைதான். போட்டிச் சட்டம் பேசுகிறவர்கள் இதைப் பூட்டப்பட்ட வாடிக்கையாளர் நிலை என்கிறார்கள்.

மூன்றாம் வழி: மூடப்பட்டது

நியாயமாக மூன்றாவதாக ஒரு வழியும் இருக்க வேண்டும். அதே வெண்டர் அதே விளக்கைத் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பெட்டியில் போட்டு நேராகச் சந்தைக்கு அனுப்பும் வழி அது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, ஜி.பி. ரோடு என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த இடம். அங்கே கடை கவுண்டரில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்:

“அண்ணே, ரைட் சைடு ஹெட்லைட் ஒண்ணு வேணும்.”

“எந்த வண்டி, எந்த வருஷம்? ஜெனியூனா, வெளிமார்க்கெட்டா?”

“ரெண்டுக்கும் ரேட் சொல்லுங்கண்ணே. பார்ட்டி கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்.”

அந்த ‘ரெண்டுக்கும் ரேட்’ என்ற வார்த்தையில்தான் போட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பெரும் வழக்கு வருவதற்கு முன்பு, பல கார்களின் பல பாகங்களுக்கு அந்த இரண்டாவது ரேட் சொல்ல முடியாத நிலை இருந்தது. வெண்டரோடு கார் கம்பெனி போட்டிருந்த ஒப்பந்தத்தில், எழுத்துமூலம் சம்மதம் வாங்காமல் மூன்றாம் ஆளுக்கு இந்தப் பாகத்தை விற்கக் கூடாது என்ற ஷரத்து இருந்தது. பாகம் மட்டுமா? எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லும் ரிப்பேர் புத்தகமும், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கு மட்டுமே. வெளி மெக்கானிக்கிடம் கை வைக்கக் கொடுத்தால் வாரன்டி போய்விடும் என்ற எச்சரிக்கை வேறு.

இதனால் இழந்தவர்கள் மூன்று தரப்பு. உரிமையாளர் கூடுதல் பணம் கட்டினார். வெளி மெக்கானிக் தொழிலை இழந்தார். மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத ஒருவரும் உண்டு. அவர்தான் ஓரகடத்து வெண்டர். தன் கையால் செய்த பொருளைத் தன் பெயரில் விற்று ஒரு பிராண்டாக வளரும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் போனது.

ஒரு மனு, பதினேழு கம்பெனிகள்

இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களையும் தடுக்கும் அதன் பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. வெறுமே பெரிய கம்பெனியாக இருப்பது இந்தச் சட்டத்தில் குற்றமல்ல. அந்தப் பெரிய நிலையை வைத்துக்கொண்டு மற்றவர் வழியை அடைப்பதே குற்றம்.

2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு மனு கொடுத்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று கம்பெனிகளும் உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடுவதில்லை என்பது அவருடைய புகார். விசாரணை அதிகாரிகள் தோண்டிப் பார்த்தபோது இது மூன்று கம்பெனியின் பழக்கமல்ல, தொழில் முழுவதன் பழக்கம் என்று தெரிந்தது. விசாரணை 17 கம்பெனிகளுக்கு விரிந்தது. அதில் நம் பக்கத்து ஆலைகள் பல: இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஓரகடம் நிஸான், மறைமலைநகர் ஃபோர்டு, மகேந்திரா சிட்டி பி.எம்.டபிள்யூ.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகளின் சராசரி ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் என்பது கணக்கு. டாடா மோட்டார்ஸுக்கு 1,346.46 கோடி, மாருதி சுசுகிக்கு 471.14 கோடி, ஃபோர்டுக்கு 39.78 கோடி, பி.எம்.டபிள்யூவுக்கு 20.41 கோடி, நிஸானுக்கு 1.63 கோடி. பாகங்களின் விலை வாங்கிய விலையைவிட 100 சதவீதத்துக்கு மேலும், சில பாகங்களில் சுமார் 5,000 சதவீதம் வரையும் ஏற்றப்பட்டிருந்தது என்று ஆணையம் கண்டது. அதாவது 100 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பொருள் 5,000 ரூபாய்க்கு மேல் விற்றிருக்கிறது.

ஹூண்டாய் அந்த 14இல் இல்லை. மூன்று கம்பெனிகளைப் பற்றிய புகாரை வைத்துத் தன்னையும் விசாரிக்க அதிகாரம் இல்லை என்று அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2015 பிப்ரவரியில் அந்த மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று ஹூண்டாய்க்கு 420.26 கோடி ரூபாய் அபராதம் வந்தது. அதோடு விசாரிக்கப்பட்ட மகேந்திரா ரேவா, பிரீமியர் ஆகிய இரு சிறு கம்பெனிகளுக்கு அபராதம் இல்லை, உத்தரவு மட்டும்தான்.

விளக்கு யாருடையது?

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம்: காரையும் பாகத்தையும் பிரிக்க முடியாது. கார் வாங்குகிறவர் அதன் ஆயுள் முழுவதற்குமான செலவைக் கணக்கிட்டுத்தான் வாங்குகிறார். கார் சந்தையில் போட்டி இருப்பதால் பாகச் சந்தையிலும் தானாகவே கட்டுப்பாடு வந்துவிடும். ஆணையம் இதை ஏற்கவில்லை. பத்து வருடத்தில் எந்தப் பாகம் எப்போது உடையும், அன்று அதன் விலை என்ன என்று கார் வாங்கும் நாளில் எந்தக் குடும்பமும் கணக்குப் போட முடியாது. பல கம்பெனிகள் பாகங்களின் விலைப்பட்டியலையே வெளியிட்டிருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பிராண்டின் பாகமும் தனிச் சந்தை, அந்தச் சந்தையில் அந்தக் கம்பெனிக்கு எதிராளி இல்லை என்று ஆணையம் முடிவு செய்தது.

இந்த வாதம் புதிதல்ல. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பற்றிய வழக்கில் இதே கேள்வியைச் சந்தித்தது. இயந்திரச் சந்தையில் போட்டி இருக்கிறது என்பதாலேயே அதன் உதிரிபாகச் சந்தையில் ஆதிக்கம் இருக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. வெளியில் ரிப்பேர் செய்பவர்களுக்குப் பாகம் மறுக்கப்பட்டதுதான் அங்கும் பிரச்சினை.

இரண்டாவது வாதம்: வடிவமைப்பு எங்களுடையது, அறிவுசார் சொத்துரிமை எங்களுக்கு உண்டு. உண்மையில் அந்த உரிமை இந்தியாவில் பதிவாகியிருப்பதைக் கம்பெனிகள் போதுமான அளவு காட்டவில்லை என்று ஆணையம் சொன்னது. அப்படியே இருந்தாலும், செய்து முடித்த விளக்கைக் கடையில் விற்பதால் அந்த உரிமை பறிபோகாது. வேண்டுமானால் வெண்டரிடம் நியாயமான ராயல்டி வாங்கிக்கொள்ளலாம். அச்சுக்குப் பணம் போட்டவருக்கு வருமானம் வர வழி இருக்கிறது, சந்தையை மூட மட்டும் வழி இல்லை. மிக நிதானமான தீர்வு இது.

மூன்றாவது வாதம் பாதுகாப்பு. கண்ட இடத்தில் கண்ட பாகத்தைப் போட்டால் உயிருக்கு ஆபத்து என்பது. இதில் உண்மை இருக்கிறது. போலி பிரேக் பேட் ஒரு குடும்பத்தையே அழிக்கும். கோணம் தப்பிய ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும். ஆனால் மூன்றாம் வழியில் வருவது போலிப் பாகம் அல்ல. அதே அச்சில் பிறந்து, அதே இருட்டறையில் சோதிக்கப்பட்டு, செய்தவரின் பெயரும் முகவரியும் தாங்கி வரும் பாகம் அது. அந்த வழியை மூடியதால்தான், விலை கட்டுப்படியாகாதவர்கள் பெயர் தெரியாத போலிக்குப் போனார்கள். விளக்கு, பிரேக், கண்ணாடி போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்கு மோட்டார் வாகன விதிகளின் கீழ்த் தரநிர்ணயம் உண்டு. வாகனங்களையும் பாகங்களையும் சோதிக்க ஓரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாதுகாப்பைக் காக்க வேண்டியது சோதனைக்கூடம். ஒப்பந்த ஷரத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

உத்தரவு என்ன சொன்னது

அபராதத்தைவிட முக்கியமானது ஆணையம் கொடுத்த கட்டளைகள். வெண்டர்கள் உதிரிபாகத்தை வெளிச் சந்தையில் விற்க எந்தத் தடையும் கூடாது. வெளி மெக்கானிக்குகளுக்குப் பாகம், ரிப்பேர் புத்தகம், ஸ்கேனர் கிடைக்க வழி செய்ய வேண்டும். பாகங்களின் பட்டியலும் அதிகபட்ச சில்லறை விலையும் பொதுவெளியில் இருக்க வேண்டும். வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை முழுசாக ரத்து செய்யக் கூடாது. வெளியே நடந்த தவறான வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் வாரன்டி மறுக்கலாம்.

பிறகு வழக்கின் நெடும்பயணம் தொடங்கியது. டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் ஆகியவற்றின் மேல்முறையீட்டில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 9 அன்று ஆணையத்தின் முடிவை உறுதி செய்தது. அபராதக் கணக்கை மட்டும் மொத்த விற்றுமுதலிலிருந்து உதிரிபாக விற்றுமுதலுக்கு மாற்றியது. வேறு சில கம்பெனிகள் சட்டத்தின் அரசியல் சாசனத் தகுதியையே எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2019 ஏப்ரல் 10 அன்று அந்த நீதிமன்றம் ஒன்றிரண்டு விதிகளைத் தவிரச் சட்டம் செல்லும் என்றது.

ஆணையமும் தவறக்கூடியதுதான். டீலர்கள் எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்று கட்டுப்படுத்தியதாக ஹூண்டாய்க்கு 2017இல் விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை, ஆணையம் ஆதாரங்களைத் தானே சரிவர ஆராயவில்லை என்று 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. பலமான சட்டத்துக்குப் பலமான விசாரணையும் வேண்டும்.

இதே சாலையில் டயர் கம்பெனிகளும் இருக்கின்றன. லாரி டயர் விலையைக் கூடிப் பேசி ஏற்றியதாக அப்போலோ, எம்.ஆர்.எஃப்., சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கு எதிராக 2018 ஆகஸ்டில் எழுதப்பட்ட உத்தரவு, நீதிமன்ற வழக்குகளால் மூடிய உறைக்குள் கிடந்து 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அபராதம் 1,788 கோடி. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் கணக்குப் பிழைகளைச் சுட்டிக்காட்டி, மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. விளக்கு வழக்கில் குற்றச்சாட்டு ஒரு கம்பெனி தன் கீழே இருப்பவர்களின் கையைக் கட்டியது என்பது. டயர் வழக்கில் போட்டியாளர்கள் தங்களுக்குள் கைகோத்தார்கள் என்பது. இரண்டிலும் தாமதம் ஒன்றுபோல. கார் ஒன்று ஓடித் தேய்ந்து உடைபடப் போகும் காலத்துக்குள் வழக்கு முடிவதில்லை.

புதுப்பேட்டைக்குப் பிறகும்

விளக்கின் பயணம் கடையோடு முடிவதில்லை. காரின் ஆயுள் முடிந்தால், சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த இடம் புதுப்பேட்டை. அங்கே உடைபடும் வண்டியிலிருந்து ஓடக்கூடிய பாகமெல்லாம் கழன்று மறுவாழ்வு பெறுகின்றன. நல்ல நிலையில் இருக்கும் ஹெட்லைட்டைத் துடைத்து, பாலீஷ் போட்டு, வரிசையாகத் தொங்க விட்டிருப்பார்கள். பின்பக்கத்து ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் பாக எண் தெரியும். மெக்கானிக்குக்கு அது போதும்.

கம்பெனியின் ஆயுளைவிடக் காரின் ஆயுள் நீளம் என்பதை இந்த வட்டாரம் நேரில் பார்த்துவிட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் 2022இல் கடைசிக் கார் வெளியே வந்தது. சர்வீஸும் பாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் ஃபோர்டு கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இனி பாகம் கிடைக்குமா? ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியபோதும் இதே பயம். வெண்டரின் அச்சிலிருந்து நேராகச் சந்தைக்கு வரும் வழி திறந்திருந்தால், கம்பெனி போனாலும் கார் அநாதையாகாது.

இப்போது பூட்டு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. புதிய கார்களின் எல்.இ.டி. விளக்கு வெறும் விளக்கல்ல. வளைவில் திரும்பும், எதிரே வண்டி வந்தால் தானே தாழும். சில மாடல்களில் அதை மாட்டிய பிறகு காரின் கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் மட்டுமே இருந்தால், கடையில் விளக்கு கிடைத்தும் பயனில்லை. ஒப்பந்தத்தில் இருந்த பூட்டு நிரலுக்குள் போய்விட்டது. மின்சாரக் கார்களில் இது இன்னும் அதிகமாகும்.

உலகம் இதைக் கவனித்துவிட்டது. கார் வெண்டர் தன் பாகத்தை வெளியில் விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை ஐரோப்பிய ஒன்றியம் பல்லாண்டுகளாகவே கடுமையாகப் பார்க்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே கார் ரிப்பேர் உரிமை வென்றது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ரிப்பேர் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் அடக்கம். ஆனால் இணையதளம் சட்டமாகாது. கம்பெனிகள் விரும்பிச் சேர்ந்தால் தகவல் கிடைக்கும், சேராவிட்டால் கேட்க ஆளில்லை.

2023இல் போட்டிச் சட்டம் திருத்தப்பட்டது. இனி அபராதத்தைக் கம்பெனியின் உலகளாவிய விற்றுமுதலை வைத்தும் கணக்கிடலாம். இம்மாதிரி வழக்குகளைச் சமரசமாகவும் உறுதிமொழி வாங்கியும் முடிக்கலாம். பத்து வருடம் நீளும் அப்பீலைவிட, ‘ஆறு மாதத்தில் ஸ்கேனரைத் திறந்துவிடுகிறேன்’ என்று ஒரு கம்பெனி எழுதிக்கொடுப்பது மெக்கானிக்குக்கு மேலானது. அதை ஆணையம் கண்டிப்போடு பயன்படுத்த வேண்டும். உறுதிமொழி காப்பாற்றப்படுகிறதா என்று பிறகு போய்ப் பார்க்கவும் வேண்டும்.

ஓரகடத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறும் நேரத்திலும் அச்சு நிற்பதில்லை. அதிலிருந்து வரும் விளக்கு லைனுக்கும் பெட்டிக்கும் போகிறது. மூன்றாம் வழி சட்டப்படி திறந்துதான் இருக்கிறது, ஆனால் அதில் போக்குவரத்து இன்னும் குறைவு. அதைப் பெருக்க வேண்டியவர்களில் நாமும் உண்டு. சர்வீஸ் சென்டரில் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பாக எண்ணையும் அதிகபட்ச சில்லறை விலையையும் கேட்டு வாங்குங்கள். அதே பாகத்துக்கு வெளியில் என்ன விலை என்று ஒரு போன் போட்டு விசாரியுங்கள். ‘வெளியே செய்தால் வாரன்டி போய்விடும்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பாகத்துக்கு, எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். விலை கொடுத்து வாங்கிய கார் உங்களுடையது. அதை யாரிடம் பழுது பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் உங்களுடையதுதான்.